வக்காலத்தில் கையெழுத்து போடும் முன்

சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரைப் பார்க்கப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு உறவுக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு நடுவே, யாரென்று எவருக்கும் சரியாகத் தெரியாத ஒருவரும் வருவதுண்டு. கையில் ஃபைல் இருக்கும். "அண்ணே, எஃப்.ஐ.ஆர். காப்பி, ஆஸ்பத்திரியோட ஏ.ஆர். காப்பி எல்லாம் நாங்களே எடுத்துக்கறோம். நீங்க இந்த நாலு எடத்துல கையெழுத்து மட்டும் போடுங்க. ஒத்தப் பைசா செலவு இல்ல. பணம் வந்ததும் பாத்துக்கலாம்" என்பார். ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டுப் பக்கம் என்றால் இதே வசனம் தெலுங்கிலும் கிடைக்கும்.

இவர் வக்கீல் அல்ல, வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். அவர் நீட்டும் தாள்களில் ஒன்று வக்காலத்து. மற்றவை மனுவாகவோ பிரமாணப் பத்திரமாகவோ வெறும் வெள்ளைத் தாளாகவோ இருக்கலாம். வலியில் இருப்பவர் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. பல வருடம் ஓடப்போகிற வழக்கு, அதில் வரப்போகிற பணம், அதில் வக்கீலுக்கு எவ்வளவு என்கிற கணக்கு எல்லாமே அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிவிடுகின்றன.

வழக்கறிஞர்கள் நேரடியாகவோ புரோக்கர் வைத்தோ வழக்குத் தேடக்கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதி 36 சொல்கிறது. 2023-ல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் 45ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நீதிமன்றம் வெளியிடும் புரோக்கர் பட்டியலில் பெயர் உள்ளவர் அந்த வேலையைத் தொடர்ந்து செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்க்குப் பயந்து இந்தத் தொழிலை எவரும் விட்டுவிட மாட்டார்கள். ஆகவே காவல் அடிபட்டவர் பக்கம்தான் இருக்க வேண்டும்: டிஸ்சார்ஜ் ஆகும்வரை எதிலும் கையெழுத்து போடுவதில்லை என்று குடும்பம் முடிவெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு வாரம் தள்ளிப்போவதால் எந்த உரிமையும் போய்விடாது.

எல்லைக் கோட்டில் ஓர் ஊர்

பள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு சிக்கலும், ஒரு வசதியும் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தன. கோடு மாறியது, போக்குவரத்து மாறவில்லை. இன்றைக்கும் சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் நகரி, புத்தூர், சித்தூர் என்று போய்வருகிறோம். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் லாரிகளும் பக்தர்களின் வேன்களும் இரவெல்லாம் ஓடுகின்றன. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் புரட்டாசிக்குப் பாதயாத்திரையும் அதே சாலைகளில்தான்.

விபத்து நகரிப் பக்கம் நடந்தால் எஃப்.ஐ.ஆர். ஆந்திர போலீஸில், தெலுங்கில். மோதிய லாரி கர்நாடகாவில் பதிவானதாக இருக்கலாம், இன்சூரன்ஸ் கம்பெனியின் அலுவலகம் வேறெங்கோ இருக்கலாம். அப்படியானால் சித்தூருக்கு அலைய வேண்டுமா? வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 166-வது பிரிவு அடிபட்டவருக்கே தேர்வைக் கொடுக்கிறது: விபத்து நடந்த இடத்தின் தீர்ப்பாயம், தான் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தின் தீர்ப்பாயம், எதிர்தரப்பு குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயம், இவற்றில் எதில் வேண்டுமானாலும் போடலாம். பள்ளிப்பட்டில் குடியிருப்பவர் விபத்து ஆந்திராவில் நடந்தாலும் திருவள்ளூர் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். தெலுங்கு ஆவணங்களை மொழிபெயர்த்துத் தர வேண்டியிருக்கும். இந்த ஊரில் அதற்கு ஆளுக்குப் பஞ்சம் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். மனைவி ஒரு வக்கீலிடம் வக்காலத்து கொடுத்திருப்பார். அது தெரியாமல் நகரியில் இருக்கும் மைத்துனர் அங்கே இன்னொரு வக்கீலைப் பிடித்து, ஆஸ்பத்திரியிலேயே கையெழுத்து வாங்கியிருப்பார். இங்கே எம்.சி.ஓ.பி. என்று ஒரு நஷ்ட ஈட்டு மனு, அங்கே எம்.வி.ஓ.பி. என்று இன்னொன்று. ஒரே விபத்துக்கு இரண்டு வழக்கு என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொண்டாட்டம். உண்மையை மறைத்தார்கள் என்று வாதாட ஒரு காரணம் கிடைத்துவிட்டதே. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: வெவ்வேறு உயர் நீதிமன்றங்களின் எல்லைக்குள் மனுக்கள் போடப்பட்டிருந்தால் முதலில் போட்ட மனுவே நிற்கும், மற்றது அதனோடு போய்ச் சேரும். ஆனால் அது சேர்ந்து முடிவதற்குள் ஆகும் தாமதத்துக்கும் இரண்டு வக்கீல்களுக்கு இடையே வரும் சண்டைக்கும் விலை கொடுப்பது அடிபட்டவர்தான்.

சிகிச்சைக்கு இந்த எல்லை குறுக்கே வருவதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்க்காமல், முதல் 48 மணி நேரச் சிகிச்சையை 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய திட்டம் இது. 2025 மே மாதம் வந்த மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் நாடு முழுவதற்குமானது. ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, ஏழு நாட்கள் வரை. இவை எதற்கும் வக்கீல் தேவையில்லை. 'ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள்தான் வாங்கித் தந்தோம்' என்று பின்னால் எவராவது கணக்கு சொன்னால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கா, கட்டணமா?

இனி முக்கியமான இடம். "வர்ற பணத்துல நூத்துக்கு இத்தனை" என்பதுதான் இந்த வழக்குகளில் ஊரெல்லாம் பேசப்படும் கணக்கு. அமெரிக்காவில் இது சட்டப்படியே நடக்கிறது. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்று அங்கே வக்கீல்கள் விளம்பரமே செய்கிறார்கள். இந்தியாவில் அப்படி முடியாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி 20 தடை செய்கிறது. 1954-லேயே ஒரு மூத்த வழக்கறிஞர் தன் கட்சிக்காரரோடு இப்படிப் பங்கு பேசியது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

விதி ஒருபக்கம் இருக்கட்டும். பங்கு முறை ஏன் உயிரோடு இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். கால் முறிந்து மூன்று மாதம் தறிக்குப் போகாதவரிடம் முன்பணம் கேட்டால் அவர் எங்கே போவார்? பணம் இல்லாதவரின் வழக்கைக் கையில் எடுத்து, மருத்துவருக்குச் சாட்சிப் படி, நகல் செலவு, குமாஸ்தா செலவு எல்லாம் தன் பையிலிருந்து போட்டு, ஐந்து வருடம் நடத்தும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பங்கு என்று வந்துவிட்டால் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் கணக்கு வேறாகிவிடுகிறது. இன்னும் இரண்டு வருடம் இழுத்து, சரியான மருத்துவச் சாட்சியம் கொண்டுவந்து, பத்து லட்சம் வாங்குவது உங்களுக்கு லாபம். இன்றைக்கே நான்கு லட்சத்துக்குச் சமரசம் முடித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டைப் பிரிப்பது பங்குக்காரருக்கு லாபம்.

ஆகவே கேட்க வேண்டியது தொகை. மொத்தம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு: மனு தாக்கலாகும்போது, சாட்சி விசாரணை தொடங்கும்போது, தீர்ப்பு வந்தபிறகு. செலவு தனி, கட்டணம் தனி. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது, அல்லது வங்கி வழியாகக் கொடுத்த தடம். கட்சிக்காரரின் பணத்துக்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது வக்கீலின் கடமை என்றும் அதே விதிகள் சொல்கின்றன. 'எழுதிக் கொடுங்கள் சார்' என்று வக்கீலிடம் கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். வீட்டுக்கு போர் போடுபவரிடம் அடிக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குகிறோமே, இதில் என்ன கூச்சம்?

கட்டணம் கொடுக்கவே வழியில்லை என்றால் இலவச சட்ட உதவி இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே உதவி உண்டு. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வட்ட, மாவட்ட சட்டப் பணிகள் குழுக்கள் நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கின்றன. தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் என்றால் அக்கறை இருக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சில இடத்தில் அது உண்மை, சில இடத்தில் இல்லை. பங்கு கேட்கும் வக்கீலின் அக்கறைக்கும் அதே பதில்தான்.

ஆறு மாதம் என்ற கத்தி

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். நஷ்ட ஈடு தொடர்பான மாற்றங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது. அதற்கு முன் பல வருடங்கள் இப்படி ஒரு கெடுவே இல்லை. பழைய பழக்கத்தில் ஒரு வருடம் கழித்து வந்தவர்களின் மனுக்கள் மாட்டிக்கொண்டன. இந்தப் பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவு எப்போதும் இறுதி அல்ல. ஆறு மாதம் என்றே மனதில் வைத்து நடப்பதுதான் பத்திரம்.

அதே மாற்றங்கள் போலீஸின் மேல் ஒரு பாரத்தை வைத்திருக்கின்றன. விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 50 நாட்களுக்குள் இடைக்கால அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே நஷ்ட ஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். அடிபட்டவரின் உரிமைகளைச் சொல்லும் ஒரு படிவத்தைப் பத்து நாட்களுக்குள் அவரிடம் போலீஸ் கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஸ்டேஷனில் அதைக் கேட்டு வாங்குங்கள். 'எஃப்.ஐ.ஆர். காப்பியே எங்களால்தான் கிடைக்கும்' என்று புரோக்கர் சொல்வது பொய். புகார் கொடுத்தவருக்கு அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் கதை வேறு. மோதிவிட்டு ஓடிய வண்டிக்கான திட்டத்தில் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் படிவம் கொடுத்தால் அவர் விசாரித்து அனுப்புவார், மாவட்ட ஆட்சியர் நிலையில் அனுமதி ஆகும். இந்த 50,000-க்குப் போய்ப் பங்கு பேசிக் கையெழுத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு கை எத்தனை விழுக்காடு?

நல்ல வக்கீலுக்கும் சும்மா பேர் போட்டுக்கொள்ளும் வக்கீலுக்கும் உள்ள வித்தியாசம் வெளியே தெரியும் இடம் ஊனத்தின் கணக்கு. பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ விசைத்தறி ஓட்டும் 34 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 ரூபாய் கூலி. விபத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சரியாக மடங்குவதில்லை. மருத்துவர் 30 விழுக்காடு ஊனம் என்று சான்று கொடுக்கிறார்.

சுயதொழிலோ தினக்கூலியோ செய்யும், 40 வயதுக்கு உட்பட்டவரின் வருமானத்தோடு, பிற்காலத்தில் கூடக்கூடிய வருமானத்துக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பு சொன்னது. அப்படியானால் மாதம் 16,800, வருடத்துக்கு 2,01,600. வயதுக்குத் தக்கபடி எத்தனையால் பெருக்குவது என்பதை 2009-ன் சரளா வர்மா தீர்ப்பு அட்டவணையாகத் தந்திருக்கிறது. 31 முதல் 35 வயது வரை 16. ஆக 32,25,600. இதில் 30 விழுக்காடு என்றால் 9,67,680 ரூபாய்.

இங்கேதான் ஒரு கேள்வி எழ வேண்டும். 30 விழுக்காடு என்பது கையின் ஊனம், அந்த மனிதரின் பிழைப்புக்கு வந்த ஊனம் அல்ல. அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட அவருக்கு அந்த இரண்டு விரல்தான் வேண்டும். அது முடியாதவருக்கு எந்த முதலாளி தறி கொடுப்பார்? ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுக்கப் போய்விடலாம். அதே கை போன எழுத்தருக்கு அவ்வளவு போகாது. பார்க்க வேண்டியது மருத்துவரின் விழுக்காட்டை மட்டும் அல்ல, அது இவர் செய்த வேலையை எவ்வளவு கெடுத்தது என்பதை. நம் நெசவாளருக்கு இழப்பு 60 விழுக்காடு என்று தீர்ப்பாயம் ஏற்றால் தொகை 19,35,360. அதே கை, அதே காயம், இரண்டு மடங்கு பணம்.

இது தானாக நடக்காது. ஊனத்தை மதிப்பிட்ட மருத்துவரைச் சாட்சிக் கூண்டுக்குக் கொண்டுவர வேண்டும். தறி வேலை என்றால் என்ன, எந்த விரல் எதற்கு என்று தெரிந்த சக தொழிலாளி ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். கூலிக் கணக்கு எழுதிய நோட்டு இருந்தால் அதுவும் வேண்டும். வருமானத்துக்குத் தாளே இல்லை என்றாலும் முடங்கிவிட வேண்டியதில்லை: சையத் சாதிக் வழக்கில் ஒரு கால் போன காய்கறி வியாபாரிக்கு, வருமானச் சான்று இல்லாத நிலையிலும், மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்றுக்கொண்டது. அவருடைய பிழைப்பு இழப்பை 85 விழுக்காடு என்றும் எடுத்துக்கொண்டது. 2020-ன் பப்பு தேவ் யாதவ் வழக்கில் தட்டச்சு வேலை பார்த்த இளைஞர் கையை இழந்தார். உயர் நீதிமன்றம் 45 விழுக்காடு இழப்பு என்றது, உச்ச நீதிமன்றம் அதை 65 ஆக்கியது.

ஆகவே வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது 'எத்தனை லட்சம் வாங்கித் தருவீர்கள்' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்பவர் எவராக இருந்தாலும் கதை விடுகிறார். 'டாக்டரை விசாரிப்பீர்களா, என் வேலையை எப்படி நிரூபிப்பீர்கள்' என்று கேளுங்கள். முந்தைய மாதிரி வழக்கு ஒன்றின் தீர்ப்பு நகலைக் காட்டச் சொல்லுங்கள். அவை பொது ஆவணங்கள்தான். இதே விபத்தில் எதிர்தரப்புக்கு ஆலோசனை சொன்னவரா என்றும் கேளுங்கள். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் மறுதரப்புக்கு ஆஜராகக்கூடாது. வக்காலத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆந்திராவில் பதிவு செய்த வக்கீலும் தமிழ்நாட்டில் வாதாடலாம். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்ற தடை 2011 முதல் இல்லை. அவர்மேல் புகார் வந்தால் மட்டும் ஆந்திர பார் கவுன்சிலுக்குப் போக வேண்டியிருக்கும்.

காலை வாரிவிடும் கையெழுத்துகள்

இன்சூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி 30 நாட்களுக்குள் சமரசத் தொகை ஒன்றை முன்வைக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 149-வது பிரிவு சொல்கிறது. யார் தப்பு என்று நிரூபிக்காமலே கிடைக்கும் 164-வது பிரிவுத் தொகையும் உண்டு: உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். கையில் உடனே காசு என்பது பெரிய ஆசை. ஆனால் 149-வது பிரிவின் வழியில் இந்த 164-வது பிரிவுத் தொகையை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் இருக்கும் மனு அத்தோடு முடிந்துவிடும். மேலே சொன்ன நெசவாளர் இரண்டரை லட்சத்துக்குக் கையெழுத்து போட்டால் எதை விட்டுக்கொடுக்கிறார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

லோக் அதாலத்தும் அப்படியே. அங்கே முடிந்த தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. அங்கே போய் முடிக்க வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. வக்கீல் நல்ல தொகை என்று சொன்னால், அது எப்படி நல்ல தொகை என்று கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சிறு காயம், சீக்கிரம் முடிய வேண்டிய வழக்கு என்றால் லோக் அதாலத் மிக நல்ல வழி.

இன்னொன்று, உண்மையை மாற்றச் சொல்லும் ஆலோசனை. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை, உறவுக்காரரின் வண்டியைக் காட்டிவிடலாம். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை, வேறு பேர் போட்டுவிடலாம் என்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் இப்படிப் போலி மனுக்கள் பெருகி, சிறப்புப் புலனாய்வுக் குழு வரை போனது. வக்கீல்கள் சிலர் மேலும் நடவடிக்கை வந்தது. உண்மையில் அடிபட்டவர்கூட ஒரு பொய்யால் முழு வழக்கையும் இழந்து, குற்றவாளியாக நிற்க நேரும். லைசென்ஸ் இல்லாத டிரைவர் என்றாலும், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலிக்கட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது வழக்கம். அதற்காகப் பொய் சொல்லத் தேவையே இல்லை.

ஆனால் லோடு ஆட்டோவில் ஏறிப் போகிறவர்களுக்கு ஓர் உண்மை கசக்கும். கிருத்திகைக்கோ கல்யாணத்துக்கோ சரக்கு வண்டியில் உட்கார்ந்து போய் விபத்தில் அடிபட்டால், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பது ஆஷா ராணி தீர்ப்பிலிருந்து நிலைத்துவிட்ட சட்டம். வண்டிச் சொந்தக்காரர் மேல் மட்டும் தீர்ப்பு வரும்; அவரிடம் அந்த டாடா ஏஸைத் தவிர ஒன்றும் இருக்காது. எதிரே வந்த வண்டியின் மேலும் தப்பு இருந்தால் அதன் கம்பெனியைச் சேர்க்க வழி உண்டா என்று பார்க்கும் வக்கீல் இங்கே தேவை. வேலைக்காக முதலாளியின் வண்டியில் போய் அடிபட்ட கூலியாளுக்குத் தொழிலாளர் நஷ்ட ஈட்டு வழியும் திறந்திருக்கும். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் எதில் கூடுதல் என்று முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும்.

வக்கீலே ஏமாற்றினால்

1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு சென்னை வழக்கை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். வயதான தம்பதியின் கடன் பத்திரங்கள் மேல் வழக்குப் போடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய வக்கீல், வழக்கே போடாமல், போட்டாயிற்று என்று பொய் எண்களைக் கொடுத்து அலைக்கழித்தார். தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு வருடம் தொழில் செய்யத் தடை போட்டது, இந்திய பார் கவுன்சில் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. நீதிபதி கிருஷ்ணய்யர் தண்டனையோடு இலவச சட்ட உதவி வேலையையும் சேர்த்தார்.

இன்றைக்குப் பொய் எண் கொடுத்து ஏமாற்றுவது கடினம், நீங்கள் பார்த்தால். தாக்கலாகிப் பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற 16 இலக்க அடையாளம் இருக்கிறது. அதை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். மனு தாக்கலான சில வாரங்களிலும் அந்த எண்ணைத் தராத வக்கீலிடம் மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள். வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு அந்தச் செயலியைப் பார்க்கத் தெரியும்.

வக்கீலை மாற்றலாமா? தாராளமாக. ஆட்சேபனை இல்லை என்று பழைய வக்கீலிடம் எழுதி வாங்குவது வழக்கம். அவர் மறுத்தால் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு புதியவர் வரலாம். 'பீஸ் பாக்கி இருக்கு, கட்டு தரமாட்டேன்' என்று காகிதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியே கேட்டு வாங்கலாம், எக்ஸ்ரேயைப் பணயம் வைக்க முடியாது.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 மே 14 அன்று வந்த தீர்ப்புக்குப் பிறகு வக்கீலின் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது. போக வேண்டிய இடம், தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவில் எழுத்துப் புகார். கூடவே ரசீது, வாட்ஸ்அப் செய்தி, வங்கிக் கணக்கு நகல். ஒரு வருடத்தில் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். பணத்தையே கையாடல் செய்திருந்தால் அது ஒழுங்கீனம் மட்டும் அல்ல, குற்றமும்கூட. போலீஸில் தனிப் புகார் கொடுக்கலாம்.

கையாடலைத் தடுக்கும் வழி இப்போது முன்பைவிடத் தெளிவு. நஷ்ட ஈட்டை அடிபட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று 2025 மார்ச்சில் பர்மிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாத் தீர்ப்பாயங்களுக்கும் சொல்லியிருக்கிறது. விசாரணையின்போதே பாஸ்புக் நகலைத் தாக்கல் செய்துவிடுங்கள். கணக்கு உங்கள் பெயரில், உங்கள் செல்போன் எண்ணோடு இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ முன்கூட்டியே கையெழுத்து போட்டுக் கொடுத்தால் இந்த ஏற்பாடு அத்தனையும் வீண். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சிறுவர்கள் விஷயத்தில் தொகையின் ஒரு பகுதியை வைப்பு நிதியில் போடும்படி தீர்ப்பாயம் உத்தரவிடும். அதை உடைத்துத் தருகிறேன் என்று வருபவர் இன்னொரு புரோக்கர்.

தொகை குறைவு என்று தோன்றினால் 90 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சச்சரவுக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் அந்த வழி இல்லை. மேல்முறையீட்டுக்குப் புது வக்காலத்து போட வேண்டும். திருவள்ளூர் வக்கீல் கைகாட்டும் சென்னை வக்கீலிடம்தான் போக வேண்டும் என்பதில்லை, கட்டணமும் புதிதாகவே பேச வேண்டியது. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனு போடுவதைத் தீர்ப்பு வந்த வாரத்திலேயே செய்துவிட்டால் அந்த 90 நாளில் பாதி நகலுக்காகக் காத்திருந்து கழியாது.